கறுப்புப் பட்டியும் ஒரே குடியும்

1

சென்ற கிழமை வங்கியிலிருந்து புதிய அட்டை தபாலில் வந்தது. பழைய அட்டையின் தவணை முடிகிறதாம். உறையைக் கிழித்து, கடிதத்தில் ஒட்டியிருந்த அட்டையை உரித்தெடுத்து, கையெழுத்துப் போடுவதற்காகப் பின்பக்கம் திருப்பினேன். குறுக்கே நீளமாக ஓடும் கறுப்புப் பட்டியைக் காணவில்லை. ஏமாற்று வேலையோ என்று உடனே சந்தேகம். இந்த நாட்டுக்கு வந்து இருபத்துநான்கு வருடமாகியும், தபாலில் எது வந்தாலும் முதலில் பயப்படுவேன், அதன் பிறகுதான் வாசிப்பேன்.

மகள் அபியிடம் காட்டினேன்.

"அத எடுத்துட்டாங்கம்மா. இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல" என்றாள். அவளுடைய தமிழ் பாதி என்னிடம் கற்றது, பாதி தொலைக்காட்சித் தொடரில் கற்றது. நான் "ஏலாது" என்றால் அவள் "முடியாது" என்பாள். மட்டக்களப்பாள் வயிற்றில் இந்தத் தமிழ் எப்படிப் பிறந்தது என்று என் கணவர் கேலி செய்வார்.

"அப்ப இனி ஒருத்தராலயும் அதத் தேய்ச்சு எடுக்க ஏலாதா?"

"ஒண்ணுமே இல்லயே. எதத் தேய்க்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தாய் அழுவதை அபி விநோதமாகப் பார்த்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்து, என்னவென்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது விட்ட சில இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியைப் பற்றி. பாட்டு நாடாவில் பாட்டுப் பதிந்திருப்பதுபோல, அட்டையின் பட்டியில் அதன் இலக்கமும் தவணைத் திகதியும் இன்னும் சில விபரங்களும் பதிந்திருக்கும். யார் தேய்த்தாலும் அது அத்தனையையும் ஒப்புவித்துவிடும். கேட்பவன் கடைக்காரனா கள்ளனா என்று அதற்குத் தெரியாது. ஒப்புவித்ததை ஒரு வெற்று அட்டையில் பதிந்தால் இன்னொரு அட்டை தயார். முன்பக்கத்தில் இருக்கும் சிப் அப்படியல்ல. அது தன் இரகசியத்தை வெளியே விடாது. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் கேட்கும் புதுக் கேள்விக்குப் புதுப் பதில் சொல்லும், நேற்றைய பதில் இன்றைக்கு உதவாது.

இந்த நாட்டில் சிப் வந்த பிறகும், சிப்பை வாசிக்கத் தெரியாத இயந்திரங்கள் வேறு நாடுகளில் இருந்தபடியால், பட்டியையும் பின்னால் விட்டுவைத்தார்கள். முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தாமல் விட்ட கதை. அந்தக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில்தான் நான் ஏழு வருடம் வேலை செய்தேன்.

2

நான் நாவற்குடாப் பெண். ஊரில் பட்டணத்துக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். மட்டக்களப்பில் காசு எடுக்கும் இயந்திரம் வந்த புதிதில், எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஐந்தாறு பெண்கள் தங்கள் அட்டைகளை என்னிடம்தான் தந்துவிடுவார்கள். இரகசிய எண்ணை வேலிக்கு மேலால் சத்தம் போட்டுச் சொல்வார்கள். பின்னேரம் காசும் அட்டையும் அவரவர் வீட்டுக்குப் போகும். யாரும் யாரையும் சந்தேகித்ததில்லை. இரகசிய எண் என்பதை எங்கள் ஒழுங்கை வீட்டு இலக்கம்போலத்தான் நினைத்தது.

இங்கே லண்டனுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் எனக்குக் கிடைத்தது பெற்றோல் நிலையத்துக் கல்லா. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை. அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வரும். ஒன்றில் என் பிறந்த மாதம் பிழை, மற்றதில் இவருடைய பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறியிருக்கும். திருத்தி அனுப்பினால் திருத்தியதற்கு ஒரு கடிதம் வரும், அதில் வேறொரு பிழை இருக்கும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கல்லடிக் கரைக்குச் சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்தான். கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள். கடவுச்சீட்டு திணைக்களத்தின் அலுமாரியில் இருந்ததால் எனக்குப் போக வழியில்லை. அடக்கம் செய்யும்போது யாரோ தொலைபேசியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். மண் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் ஆறு மணிக்கு நான் கல்லாவில் நின்றேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மனிதன் தொலைபேசி அட்டை வாங்க வந்தான். வாங்கி, சுரண்டி, வாசலிலேயே நின்று ஊருக்கு எடுத்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், தோளுக்குப் பெரிதான ஜக்கெற். லைன் சரியில்லைபோல. "மறுகா எடுக்கன்" என்று வைத்தான். பிறகு என்பதற்கு எங்கள் ஊரார் சொல்லும் மறுகா என்ற சொல்லை இந்த நாட்டில் அதுவரை நான் வெளியாள் வாயில் கேட்டதில்லை.

"தம்பி, மட்டக்களப்பில எவடம்?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "வெல்லாவெளி. கலியாணம் முடிச்சது கொக்கட்டிச்சோலையில. நீங்க?"

"நாவற்குடா. பேர் என்ன?"

"தவராசா. தவம் எண்டு கூப்பிடுவாக."

அடுத்ததாக எங்கள் ஆட்கள் எதைக் கேட்பார்களோ அதைத்தான் நானும் கேட்டேன். என்ன குடி? அவன் சொன்னான். அது என் குடி.

பிற ஊர் வாசகர்களுக்காக இரண்டு வரி. மட்டக்களப்பில் குடி தாய்வழியில் வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும், ஒருவரையொருவர் முன்னே பின்னே பார்த்திராவிட்டாலும், சகோதரங்கள். கலியாணம் கிடையாது. வேறு குடியென்றால் மச்சான், மச்சாள் என்று பகிடி பண்ணலாம், சண்டை பிடிக்கலாம். சகோதரம் என்றால் பகிடி இல்லை. நம்பிக்கைதான். குடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் அடுத்த திருவிழாவில் கோயில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்பார்கள்.

"அப்ப உங்களை மச்சாள் எண்டு சொல்ல ஏலா" என்றான் தவம், சிரித்துக்கொண்டு. "நீங்க எனக்கு அக்கா."

எனக்குத் தம்பி இல்லாமல் போய் ஒன்றரை வருடம். அந்தச் சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் சாதாரணமாக வாங்கிக்கொள்ளவில்லை.

3

மேலாளரிடம் பேசி அவனை வேலைக்கு எடுக்க வைத்தது நான். "ஆளை எத்தனை நாளாகத் தெரியும்?" என்று மேலாளர் கேட்டார். "பிறந்ததிலிருந்து" என்றேன். என் கணக்கில் அது பொய்யும் அல்ல.

தவம் நல்ல வேலைக்காரன். கல்லாவையும் சாமான் அறையின் திறப்பையும் இரண்டு கிழமையில் அவனிடம் விட்டேன். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். தான் கட்டிவந்த ரோல்ஸை அபிக்குக் கொடுப்பான். மாமா என்று சொல்லிக் கொடுத்தேன், அவள் அங்கிள் என்றாள். அவளுக்கு எல்லாரும் அங்கிள்தான், எதிர்வீட்டு வெள்ளைக்காரன் உட்பட. தவத்தின் மனைவி புவனாவும் நாலு வயது மகள் டிலக்சியும் கொக்கட்டிச்சோலையில் இருந்தார்கள். அவர்களுடைய படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் டோரீன் அம்மா வருவார். எண்பதை எட்டியவர், பிள்ளைகள் இல்லை, கண் மங்கல். பாலும் பேப்பரும் நாய்க்கு பிஸ்கற்றும். சிப் வந்த பிறகு எண்ணை வாடிக்கையாளர்தான் அழுத்த வேண்டும் என்று சட்டம். அவருக்குப் பொத்தான் தெரியாது. அட்டையை என் கையில் தந்துவிட்டு, நாலு எண்ணையும் கடைக்கே கேட்கும்படி சொல்வார். அது அவருடைய இறந்த கணவர் பிறந்த வருடம். நான் அழுத்திக் கொடுப்பேன். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில், எண்ணைக் கேட்கவும் கூடாது, கேட்டால் வைத்திருக்கவும் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வாசித்துக் கையெழுத்தும் போட்டவள்தான் நான். ஆனால் கண் தெரியாத மனுசிக்கு எண்ணை அழுத்திக் கொடுப்பதில் என்ன பிழை என்று என் ஒழுங்கைப் புத்தி கேட்டது.

அதோடு நிற்கவில்லை. தவத்துக்கும் பழக்கிவிட்டேன். "நான் இல்லாத நாளில அவவுக்கு நீ அடிச்சுக் குடு, பாவம்" என்று சொல்லி, அந்த நாலு எண்ணையும் அவனுக்கு நானே சொன்னேன்.

கிழக்கில் சண்டை மூண்டது. கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரையில், வாவிக்கு அப்பால், ஷெல் விழ, சனம் வயல் வட்டையையும் மாட்டையும் விட்டுவிட்டு மண்முனைத் துறையில் தோணியேறி இக்கரைக்கு வந்தது. புவனாவும் டிலக்சியும் முகாமில் ஒரு கூடாரத்தில் என்று தவம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். கவலை என்று நினைத்தேன், கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை டோரீன் அம்மா நாயில்லாமல் வந்தார். கையில் வங்கிக் கடிதம். கண் தெரியவில்லை, வாசித்துச் சொல்லம்மா என்றார். வாசித்தேன். அவருடைய கணக்கிலிருந்த சேமிப்பு முழுவதும் ஒரு தூர நாட்டு இயந்திரத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. சரியான இரகசிய எண்தான் பாவிக்கப்பட்டது, ஆகவே வங்கி பொறுப்பில்லை. அட்டையை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

"நீல் அந்த நாட்டுக்குத்தான் விடுமுறைக்குப் போனான்" என்றார் டோரீன் அம்மா. நீல் என்பவன் அவருடைய அக்கா மகன். உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தம். "இனி வீட்டுக்கு வராதே என்று நேற்றுச் சொல்லிவிட்டேன்."

நான் கேட்டேன், அட்டையை வேறு எங்கே கொடுப்பீர்கள் என்று. மற்ற எல்லா இடத்திலும் காசுதான் கொடுப்பேன், இங்கே மட்டும்தான் அட்டை என்றார். நீதானே இருக்கிறாய் என்று என் கையைத் தட்டினார்.

அவர் போன பிறகு கல்லாவின் கீழே குனிந்தேன். தவம் அட்டையை வாங்கியதும் இடது கையைக் கீழே கொண்டுபோய்த்தான் மேலே எடுப்பான். கைப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். பில் சுருள் வைக்கும் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவினேன். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒன்று ஒட்டியிருந்தது. நடுவில் அட்டை நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு.

4

அடுத்தநாள் அவன் வேலைக்கு வந்ததும் கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"இது என்ன தவம்?"

அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "எடுத்த இடத்தில வைங்க அக்கா."

"எத்தின நாளா?"

"அவகள் தோணி ஏறின கிழமையிலருந்து. ஒருத்தன் வந்து தந்தான். பேர் கேக்காதீங்க, உண்மையா எனக்கும் தெரியா. பெண்சாதியையும் புள்ளையையும் கொழும்புக்கு எடுத்து இங்க கொண்டாறன் எண்டான். காசுக்குப் பதிலா இது."

"டோரீன் அம்மாட அட்டையுமா?"

"ஆற்ற அட்டை எண்டு நான் பாக்கல்ல. பாத்தா என்னால தேய்ச்சிருக்க ஏலா."

"நம்பர்?"

மற்றவர்களுடைய எண்ணைப் பிடிப்பதற்கு மேலே கூரைப் பலகையில் ஒரு கமரா வைத்திருந்தார்களாம், பிறகு தெரிந்தது. டோரீன் அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறையலாம்போல இருந்தது. அறைந்திருந்தால் பிறகு கட்டிப்பிடித்து அழுதிருப்பேன், அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அந்த மனுசி தன்ட அக்கா மகனை வீட்ட வராத எண்டு சொல்லிப்போட்டுதுகா" என்றேன். பதறினால் எனக்கு ஆணும் பெண்ணும் தெரியாமல், பெண்களை விளிக்கும் கா வந்துவிடும். "சாகிறபோது பக்கத்தில இருக்கிறதுக்கு வேற ஆள் இல்ல. நீ பொலிசில போய்ச் சொல்லு."

"சொன்னா மறியல்ல போடுவானுகள். மறுகா திருப்பி அனுப்புவானுகள். இப்ப அங்க போனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவகள் ரெண்டு பேரையும் ஆரு பாக்கிற?"

நான் அந்தச் சின்னப் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் சொல்லுவன்" என்றேன். "அதுக்கு முன்னம் நீ சொன்னா உனக்கு நல்லம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் "ஒரு நாள் ஏன் குடுத்தாய்?" என்று கேட்டார். நான் வெளியே சொல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார். அவன் ஓடிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி, வேறு ஊரில் வேறு பெயரில் பிழைக்கட்டும். நான் பத்து மணிக்கு உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும், என் வாயால் அவனை மறியலுக்கு அனுப்பாததாகவும் இருக்கும். இரண்டும் வேண்டுமென்று ஆசைப்பட்ட கள்ளி நான்.

அடுத்தநாள் ஒன்பதரைக்கு, பொலிஸ் நிலையம் போவதற்காக பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். தவம் முதலே வந்து நின்றான். கோயிலுக்குப் போகிறவன்போல இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டு. கையில் ஒரு பை, அதற்குள் மாற்றுடுப்பும் அந்தப் படமும்.

"ஏன் நிண்ட நீ?" என்று கேட்டேன்.

"நான் ஓடினா உங்களைத்தானே பிடிப்பானுகள்" என்றான்.

5

பொலிஸ் நிலையத்தில் எங்களைப் பிரித்தார்கள். என்னை விசாரித்த பெண் அதிகாரிக்கு என்னை விட வயது குறைவு, பொறுமை அதிகம். ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தவராசா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"சகோதரன்."

"ஒரே பெற்றோரா?"

"இல்லை."

"ஒரே தாய்?"

"இல்லை. அவருடைய தாயை நான் பார்த்ததே இல்லை."

"அப்படியென்றால் ஒன்றுவிட்ட சகோதரன்?"

"அதுவும் இல்லை. குடி ஒன்று."

அவர் பேனாவை வைத்துவிட்டார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அவர் தமிழ்நாட்டுக்காரர். குடியென்றதும் சாதியா என்று கேட்டார், இல்லை என்றேன். கிராமமா என்றார், இல்லை என்றேன். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அந்தப் பெண் படிவத்தில் "உறவில்லை" என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு, "உறவில்லாத ஒருவரை ஏன் பிறந்ததிலிருந்து தெரியும் என்று மேலாளரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டார். நானும் கூட்டுக் கள்ளி என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வங்கிக் கணக்கை மூடி, அபியின் பள்ளிக்கூடப் பணப் புத்தகத்தைக்கூட எடுத்துப் பார்த்தார்கள். அகதி வழக்கில் அந்த விசாரணையும் ஒரு தாளாகச் சேர்ந்தது.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று தவம் ஒவ்வொரு விசாரணையிலும் சொன்னானாம். டோரீன் அம்மாவின் எண்ணை நான்தான் அவனுக்குச் சொன்னேன் என்பதை அவன் சொல்லவில்லை. நானே சொன்னேன். அந்த நாளோடு என் வேலை போனது. மேலாளரில் எனக்கு வருத்தமில்லை.

வங்கி டோரீன் அம்மாவின் காசைத் திருப்பிக் கொடுத்தது. பட்டியிலிருந்து பிரதி எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நாலு கடிதம் தேவைப்பட்டது, மன்னிப்புக் கேட்க மூன்று வரி போதுமாக இருந்தது. நீல் திரும்ப வந்தான். டோரீன் அம்மா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார், நீல்தான் காரில் கொண்டுவந்து விட்டான். "என் எண்ணை நீ அழுத்தியிருக்கக் கூடாது, நானும் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "அந்த மனிதனின் குழந்தைக்கு எத்தனை வயது?" என்று கேட்டார். சொன்னேன்.

புவனாவுக்குச் சொல்ல வேண்டியது நான். முகாமில் ஒருவரிடம்தான் தொலைபேசி இருந்தது. மூன்று நாள் முயன்று பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பொலிசில சொன்னது ஆரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் போனம். ஆனா போகவெச்சது நான்."

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு லைன் வெட்டுப்பட்டது. நான் திரும்ப எடுத்தபோதெல்லாம் அவ இல்லை என்றார்கள்.

தவத்துக்குச் சிறை. அதன் பிறகு நாடுகடத்துவதற்கான தடுப்பு நிலையம். நான் இரண்டு தடவை பார்க்கப் போனேன். உறவினர்தான் பார்க்கலாம், நீங்கள் உறவில்லை என்று தாளில் இருக்கிறது என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை சிநேகிதி என்று எழுதிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவனைக் காட்டினார்கள். நான் கொண்டுபோன ரோல்ஸை உள்ளே விடவில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து அபி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டான்.

வன்னியில் யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் இங்கே எங்கள் சனம் தெருவில் நின்று அழுதது. நானும் நின்றேன். எல்லாருடைய பெயரையும் நினைத்து அழுதபோது இடையில் அவனுடைய பெயரும் வந்தது. சில மாதத்தில் அவனை விமானத்தில் ஏற்றினார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் கூட்டிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று தெரியவில்லை. பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் சமைத்தேன், அபியைப் பள்ளிக்கு அனுப்பினேன், குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். டோரீன் அம்மாவுக்கு நியாயம் செய்யப் போய், கூடாரத்தில் இருந்த ஒருத்தியின் புருசனைச் சாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் அவன் வீடு சேர்ந்துவிட்டான் என்று நாவற்குடாவிலிருந்து என் பழைய அயலவள் சொன்னாள். அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

6

அதற்குப் பிறகு ஆறு வருடம். எங்களுக்குக் குடியுரிமை கிடைத்து, கடவுச்சீட்டும் வந்திருந்தது, அதில் என் பிறந்த மாதம் சரியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தது. ஊர் இலக்கம்.

"புவனா கதைக்கன்" என்றது குரல். நான் இருந்த கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "புள்ள பெரியபுள்ளையாயிற்றாள். தண்ணி வாக்கிறதுக்கு மாமி வேணும். அவருக்குக் கூடப்பிறந்த பொம்பிளை ஒருத்தரும் இல்ல. வாறயளா இல்லயா எண்டு சொன்னாத்தான் நாள் வைக்கலாம்."

"தவம் சொல்லிச்சா கூப்பிடச் சொல்லி?"

"என்ட வீட்டுக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு அவர் சொல்லுறல்ல" என்றாள் புவனா.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பது, மாப்பிள்ளை வந்து குடியிருப்பது. கொக்கட்டிச்சோலையில் இருப்பது புவனாவின் வீடு. அவள் கூப்பிடாவிட்டால் தவம் ஆயிரம் தடவை கூப்பிட்டும் பிரயோசனமில்லை. வாறன் என்றேன். எப்போது என்று கேட்காமலே சொல்லிவிட்டேன்.

மண்முனையில் இப்போது பாலம். அதன் அந்தப்பக்கத்தில் தவம் மோட்டார் சைக்கிளோடு நின்றான். தலை நரைத்து, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். கால் என்ன என்று நான் கேட்கவில்லை. அபி வரல்லயா என்று கேட்டான். அவளுக்குப் படிப்புச் சோதனை என்றேன். இந்த முறை வட்டையில் விளைச்சல் பரவாயில்லை என்றான். என் பெட்டியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறச் சொன்னான். மன்னிப்பு என்ற சொல்லை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால், கிணற்றடியில், டிலக்சி வெள்ளைச் சீலை சுற்றிக்கொண்டு பலகையில் இருந்தாள். அந்தப் படத்தில் இருந்த அதே நெற்றி. பெண்கள் சுற்றி நின்றார்கள். யாரும் என்னோடு கதைக்கவில்லை, விலத்தி வழி மட்டும் விட்டார்கள். யார் நான், என்ன செய்தவள் என்று எல்லாருக்கும் தெரியும்.

புவனா மஞ்சள் தண்ணிக் குடத்தை என் கையில் தந்தாள். முதற்தண்ணி மாமி வார்க்க வேண்டும், மாமி என்றால் தகப்பனின் சகோதரி, தாய்க்கு மச்சாள். நான் குடத்தைத் தூக்கினேன். பாதி உயரத்தில் குடத்தை நிறுத்திவிட்டேன். தண்ணி விளிம்பால் சிந்தி என் சீலையை நனைத்தது. இந்தப் பிள்ளை கூடாரத்தில் இருந்தபோது இவளுடைய தகப்பனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியவள் நான். இவளுடைய தலையில் தண்ணி வார்க்க எனக்கு என்ன தகுதி என்று நின்றேன்.

"புவனா" என்றேன். "உங்களுக்கு என்னில கோவம் இல்லையா?"

அவள் குடத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

"இரிந்திச்சு" என்றாள். "இப்பயும் கொஞ்சம் இரிக்கு. நீங்க ஊத்துங்க மச்சாள், புள்ள குளிரில இரிக்காள்."

இரண்டு பேருமாக ஊற்றினோம்.